தகரத் துண்டுக்கு ஒரு பதிவேடு
(தோட்ட வாசிகசாலை ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, ஹட்டனிலிருந்து மழையோடு மழையாக வந்திருக்கும் அதிபர் அவர்களே, குருக்கள் ஐயா அவர்களே, தோட்டத் தலைவர்மார்களே, பொன்னாடை போர்த்திய மாதர் சங்கத் தாய்மார்களே, கொழுந்து நிறுத்துவிட்டுக் கூடையோடு நேரே வந்திருக்கும் என் அக்காமார்களே, வணக்கம்.

காசு வில்லை, முத்திரை குத்திய நாணயம், பதக்கம் ஆகிய மூன்றையும் இனங்காண்பது பற்றிப் பேசுவதாக அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். ‘சிறு துரும்பும் பல் குத்த உதவும்’ என்பதே என் ஆரம்பம்.

முதலில் வில்லை. கோப்பிக் காலத்தில் கொழும்புக் கிட்டங்கிகளில் கொட்டை பொறுக்கிய பெண்களுக்குக் கையில் கொடுத்தது பித்தளை, செப்பு வில்லைகள். அவற்றைத் திருப்பிக் கொடுத்துக் கூலி வாங்கினார்கள். வேகந்த ஆலை, புதுக்கடையின் ஹல்ஸ்டோர்ப் ஆலை என்று பெயர் பொறித்தவை உண்டு. 1869இல் கோப்பி இலையில் நோய் கண்டது. பிறகு கோப்பியோடு வில்லையும் மறைந்தது. கிடைத்தால் புளி போட்டுத் துலக்காதீர்கள். எழுத்தின் விளிம்பு தேய்ந்தால் எந்த ஆலையுடையது என்று சொல்ல வழியில்லை.

அடுத்தது முத்திரை குத்திய நாணயம், அதாவது புழக்கத்தில் இருந்த நாணயத்தின் மேல் பிறகு ஒரு குறி குத்தியது. அதைத் திருப்பிப் பாருங்கள். உண்மையாகவே குத்தியிருந்தால், அந்த இடத்துக்கு நேர் பின்புறம் பெரும்பாலும் நசுங்கித் தட்டையாக இருக்கும்.

நம் வீட்டுப் பொருளுக்கு வருகிறேன். தோட்டத்துக்கு ஆள் சேர்த்த காலத்துத் துண்டு இருவகை. காகிதத் துண்டு கங்காணியின் கடன் கணக்கு; 1921இல் ஒழித்தார்கள். தகரத் துண்டு வேறு. இந்தியாவில் ஆள் சேர்த்த இடத்தில் கழுத்தில் கட்டிவிட்டது. தோட்டத்துக்குரிய குறியும் ஆளுக்குரிய எண்ணும் அதில் இருக்கும். பெயர் இருக்காது.

எனக்குப் பத்து வயது. பழைய பித்தளைக்காரர் எங்கள் வரிசை வீடுகளுக்கு, லயத்துக்கு, வந்தார். எள்ளுருண்டை ஆசையில் அப்பாயியின் பெட்டியைத் திறந்து, ஓட்டைச் செம்பையும் அதற்குள் கிடந்த தகரத் துண்டையும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன். நான்கு உருண்டைகள்! அந்தத் துண்டு அப்பாயியின் தகப்பனார் கழுத்தில் கட்டி வந்தது. அப்பாயி என்னை அடிக்கவில்லை. மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகாமல், ஒரு பேரை, அதாவது ஒரு நாள் சம்பளத்தை, இழந்து, நான்கு மைல் நடந்து டவுனுக்குப் போனார். வியாபாரி நல்ல மனிதர். மூன்று சாக்குகளைக் கொட்டிக் காட்டினார். அப்பாயி பொழுது சாயும்வரை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். கிடைக்கவில்லை. இருட்டிய பிறகு வந்து அடுப்படியில் உட்கார்ந்தவர், “214. கொப்பியில் எழுதிக்கொள்” என்றார். ஒரு எழுத்தும் படிக்கத் தெரியாதவர். தொலைந்தால் சொல்ல வேண்டும் என்று அவருடைய தகப்பனார் சின்ன வயதிலேயே மனப்பாடம் செய்ய வைத்த எண் அது.

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்று அன்று எனக்குத் தெரியவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தகப்பன் எங்கே பிறந்தான், பாட்டன் எங்கே பிறந்தான் என்று நம்மிடம் சான்று கேட்டது. நம்மிடம் இருந்த சான்றுகளையெல்லாம் நிறுவைக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். கம்பளைப் பக்கம் பழைய லயத்திலேயே தொழிலாளர் அருங்காட்சியகம் நடக்கிறது, போய்ப் பாருங்கள். ஆனால் எல்லாத் துண்டும் அங்கே போக வேண்டியதில்லை. பொருள் உங்கள் பெட்டியிலேயே இருக்கட்டும். குறியும் எண்ணும் மட்டும் இந்த வாசிகசாலைப் பதிவேட்டில் ஏறட்டும். தோட்டத்துக்குத் தோட்டம் இப்படி ஒரு பதிவேடு வேண்டும் என்று ஊர் ஊராகக் கேட்டு வருகிறேன். ஒரே குறியுள்ள துண்டுகள் நாலு வீட்டில் இருந்தால், ஒன்றாக வந்தவர்கள் யார் என்று தெரிந்துவிடும்.

பதக்கம் பற்றிப் பேச நேரமில்லை. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். விளிம்பைச் சுற்றிப் பெயரும் எண்ணும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

வாசலருகே மேசையில் நீளக் கொப்பி ஒன்று வைத்திருக்கிறேன். சிறு துரும்பானாலும் கொண்டு வாருங்கள். முதல் வரியில் 214 என்று எழுதிவிட்டேன். இரண்டாவது வரி காலியாக இருக்கிறது. நன்றி, வணக்கம்.