வீட்டு கேட்வேக்குள் ஆறு பேர், ஆறும் நானே

வணக்கம் மக்களே. நேற்று ராத்திரி நம்ம ராஸ்பெர்ரி பை கேட்வேக்குள், அதாவது வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் நுழைய வாசலாக வைத்திருக்கும் குட்டிக் கம்ப்யூட்டருக்குள் போய், யார் யார் உள்ளே என்று காட்டும் 'ஹூ' (who) கட்டளையை அடித்தேன், ஆறு பேர் லாகினில் இருக்கிறார்கள். பதறாதீர்கள், ஹேக் இல்லை, ஆறு பேரும் நான்தான். பஸ்ஸில் வரும்போது போனிலிருந்து எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து கம்ப்யூட்டருக்குள் லாகின் செய்யும் வழி) போட்டேன், டவர் போனது, மறுபடி போட்டேன், மறுபடியும் போனது. என் பக்கம் செத்துவிட்டது, வீட்டுக்குச் சாவுச் செய்திதான் போய்ச் சேரவில்லை.

எஸ்எஸ்எச்சைச் சுமக்கும் இணைப்பு முறையான டிசிபி அப்படித்தான். இரண்டு பக்கமும் சும்மா இருந்தால் நடுவில் ஒரு பாக்கெட்கூடப் போகாது, அப்போது தூங்குகிறவனையும் செத்தவனையும் எப்படிப் பிரிப்பது? பெட்டியில் ஓடும் லினக்ஸ் முதல் தடவை 'இருக்கிறாயா' என்று கேட்கவே 7200 விநாடி, அதாவது இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அப்புறம் 75 விநாடி இடைவெளியில் 9 தடவை கேட்டுப் பார்த்துத்தான் கைவிடும்.

'எஸ்எஸ் -டிஓ' (ss -to) அடித்தால் ஒவ்வொரு இணைப்பின் டைமரும் தெரியும். என் திரையில் ஒரு வரி, கீப்அலைவ் (அந்த 'இருக்கிறாயா' கேள்விக்கான டைமர்), 97 நிமிடம் பாக்கி. அப்படியென்றால் எதிர்ப்பக்கம் அதிகபட்சம் 23 நிமிடமாக மூச்சு விடாமல் இருக்கலாம், ஆனால் தூங்கவும் செய்யலாம். அதற்குக் கீழே இன்னொரு வரி, சென்ட்-கியூவில் (அனுப்பக் காத்திருக்கும் வரிசையில்) பைட் தேங்கி, டைமர் 'ஆன்' என்று காட்டுகிறது, அது அனுப்பி அனுப்பிப் பதில் வராமல் தவிக்கிறது. பெரும்பாலும் செத்த கேஸ்.

செத்த இணைப்புகளைக் கொல்வதற்கு முன் 'டிடிஒய்' (tty) அடித்து நீங்கள் எந்த லாகினில் இருக்கிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் ஒருமுறை அவசரத்தில் 'பிகில் எஸ்எஸ்எச்டி' (pkill sshd, எஸ்எஸ்எச் லாகின்களை உள்ளே விடும் நிரல் முழுவதையும் நிறுத்தும் கட்டளை) அடித்து, பிணங்களோடு என்னையும் சேர்த்துக் கொன்று, வாசல் கதவையும் சாத்திவிட்டேன். அப்புறம் அம்மாவுக்குப் போன் போட்டு, "அந்தச் சின்னப் பெட்டி வயரைப் பிடுங்கி மறுபடி சொருகும்மா." "எந்த வயர்டா, நாலு இருக்கு?"

சரி, நிரந்தர வழி. எஸ்எஸ்எச்டி கான்ஃபிக்கில் (அதன் அமைப்புக் கோப்பில்) கிளையன்ட்அலைவ்இன்டர்வல் (ClientAliveInterval) 60, கிளையன்ட்அலைவ்கவுண்ட்மேக்ஸ் (ClientAliveCountMax) 3. நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கும், மூன்று தடவை பதில் இல்லையென்றால் தானே கழற்றிவிடும். முதலில் ஆசைப்பட்டு 15 விநாடி வைத்தேன், ரயில் சிக்னல் இல்லாத பொட்டலைத் தாண்டுவதற்குள் நல்ல இணைப்பையும் அறுத்துவிட்டது. மாற்றியதும் 'எஸ்எஸ்எச்டி -டி' (sshd -t) போட்டு எழுத்துப்பிழை பாருங்கள், ரீஸ்டார்ட் செய்து, இன்னொரு விண்டோவில் உள்ளே போக முடிந்தபிறகே பழையதை மூடுங்கள். அம்மா எப்போதும் போன் எடுப்பார் என்று சொல்ல முடியாது.