எரிகோ வழியில் ஏழு வசனங்கள்

வானொலி நேயர்களுக்கு என் அன்பின் வணக்கம்.

வருஷம் முடிகிற நேரத்தில் நம் சபைகளில் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிற கேள்வி ஒன்று உண்டு: "வேதாகமத்தை முழுசா முடிச்சிட்டீங்களா?" நல்ல கேள்விதான். 66 புத்தகங்கள், 1,189 அதிகாரங்கள். தினமும் மூன்று, நான்கு அதிகாரம் வாசித்தால் டிசம்பர் கடைசியில் வெளிப்படுத்தின விசேஷத்துக்கு வந்துவிடலாம். அப்படி வாசிக்கிற பழக்கத்தை யாரும் விட்டுவிட வேண்டாம். ஆனால், வருஷா வருஷம் முடித்தும் "பாடம் படிக்கிற மாதிரிதான் இருக்கிறது, ஆண்டவரோடு பேசுகிற மாதிரி இல்லை" என்று மனம் நொந்து சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இன்றைக்கு அவர்களை மனதில் வைத்துத்தான் பேச வந்திருக்கிறேன்.

அவர்களுக்கு நான் சொல்வது இதுதான். முழு வாசிப்போடு கூட, வாரத்தில் சில நாள் ஒரு சின்னப் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு அதிலேயே உட்காருங்கள். அந்தப் பகுதியில் இயேசு என்ன செய்கிறார், யாரைப் பார்க்கிறார், என்ன கேட்கிறார் என்று பாருங்கள். பார்த்த பிறகு, அவரிடமே பேசுங்கள்.

எப்படி என்று பேசிக்கொண்டிருப்பதைவிடச் செய்து பார்த்துவிடலாம். மாற்கு 10ஆம் அதிகாரம், 46 முதல் 52 வரை. ஏழே வசனங்கள். எரிகோவில் வழியோரம் பிச்சை எடுத்துக்கொண்டிருந்த குருடன் பர்திமேயுவின் சம்பவம். ஞாயிறு பள்ளியிலேயே கேட்டதுதான். கேட்ட கதை என்பதால் வேகமாகக் கடந்துவிடுவோம். இன்றைக்கு மெதுவாக நடப்போம்.

முதலில் இடம். எரிகோ கடல் மட்டத்துக்கும் கீழே, ஏறத்தாழ 250 மீட்டர் பள்ளத்தில் இருக்கிற ஊர். அங்கிருந்து எருசலேமுக்குப் போகிற பாதை சுமார் 25 கிலோமீட்டர்தான். ஆனால் ஆயிரம் மீட்டர் உயரம் ஏற வேண்டும். பஸ்கா பண்டிகை நெருங்குகிறது. வழியெல்லாம் கூட்டம். இதே அதிகாரத்தில் 32ஆம் வசனத்தைப் பாருங்கள்: இயேசு எல்லாருக்கும் முன்னே நடந்துபோகிறார், பின்னால் வருகிறவர்கள் பயப்படுகிறார்கள். எருசலேமில் தமக்கு என்ன நடக்கும் என்று அவர் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். மரணதண்டனை, பரியாசம், வாரினால் அடி, எல்லாவற்றையும். அடுத்த அதிகாரத்தில் குருத்தோலை ஊர்வலம். அதாவது, சிலுவைக்குப் போகிற வழியில், ஒரு பிச்சைக்காரனின் சத்தம் கேட்கிறது.

"அவன் பேசாதிருக்கும்படி அநேகர் அவனை அதட்டினார்கள்." அதட்டியவர்கள் யார்? இயேசுவோடு நடந்து வந்த ஜனங்கள்தானே. அவருக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில்கூட அதட்டியிருக்கலாம். இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நின்று, நான் அந்தக் கூட்டத்தில் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று கேட்டுப் பாருங்கள். ஆராதனை நேரத்தில் ஒருவர் சத்தமாக அழுதால் நம் முகம் எப்படி மாறுகிறது?

அடுத்து மூன்றே சொல்லில் வருகிறது: "இயேசு நின்று, அவனை..." நின்றார். இந்த ஒரு செயல் போதும் ஒரு வாரம் தியானிக்க. மருத்துவமனையில் நீண்ட நாள் படுத்திருந்த ஒரு பெரியவருக்கு இந்தப் பகுதியை வாசித்துக் காட்டியிருக்கிறேன். இந்த இடம் வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். "தம்பி, மறுபடியும் வாசிங்க" என்றார். வாசித்தேன். கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, எனக்காகவும் நிக்கிறீரா?" என்று கேட்டார். அதற்கு மேல் நான் வாசிக்கவில்லை. அன்றைக்கு அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. வேத தியானம் என்றால் என்ன என்று என்னிடம் யாராவது கேட்டால், அந்தப் பெரியவர் செய்ததைத்தான் சொல்வேன்.

அப்புறம், அந்த மேல்வஸ்திரம். "உடனே அவன் தன் மேல்வஸ்திரத்தை எறிந்துவிட்டு, எழுந்து, இயேசுவினிடத்தில் வந்தான்." ஏழையின் வாழ்க்கையில் மேல்வஸ்திரம் எவ்வளவு பெரியது என்பதற்கு யாத்திராகமம் 22ஆம் அதிகாரத்தில் சாட்சி இருக்கிறது. அடகாக வாங்கிய வஸ்திரத்தைப் பொழுது போகுமுன்னே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ராத்திரி போர்த்திப் படுக்க அவனுக்கு வேறே இல்லை என்கிறது நியாயப்பிரமாணம். பர்திமேயுவுக்குக் கண் தெரியாது. கூட்டத்தில் வஸ்திரத்தை எறிந்தால் மறுபடி தேடி எடுக்க முடியாது. இன்னும் பார்வை வரவில்லை, வரும் என்று யாரும் உறுதி சொல்லவும் இல்லை. "உன்னை அழைக்கிறார்" என்ற ஒரு வார்த்தைதான் கேட்டிருக்கிறான். இதே அதிகாரத்தின் நடுவில், மிகுந்த ஆஸ்தியுள்ள ஒருவன் எல்லாவற்றையும் விட்டு வர முடியாமல் துக்கத்தோடே போய்விடுகிறான். இவனோ இருந்த ஒன்றையும் எறிந்துவிட்டு வருகிறான். மாற்கு இந்த இரண்டு பேரையும் ஒரே அதிகாரத்தில் வைத்திருப்பதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் நடுங்குகிறது.

இப்போது இயேசுவின் கேள்வி: "நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்றிருக்கிறாய்?" குருடனிடம் கேட்க வேண்டிய கேள்வியா இது? சற்று முன்னே 36ஆம் வசனத்தில், யாக்கோபிடமும் யோவானிடமும் ஏறக்குறைய இதே கேள்வியைத்தான் கேட்டார். அவர்கள் மகிமையில் வலதுபக்கமும் இடதுபக்கமும் இடம் கேட்டார்கள். பர்திமேயு பார்வை கேட்டான். சரி, அதே கேள்வி இன்று நம்மிடம் வந்தால்? இங்கேதான் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு, வாயைத் திறந்து பதில் சொல்ல வேண்டும். அழகான ஜெப வார்த்தைகள் தேவையில்லை. வீட்டுக் கடன், பிள்ளையின் பிடிவாதம், யாரையோ மன்னிக்க முடியாத கசப்பு, எதுவாக இருந்தாலும் உள்ளபடி சொல்லலாம்.

இது நான் கண்டுபிடித்த முறை அல்ல. பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் கார்த்தூசியன் மடத்தின் தலைவராக இருந்த இரண்டாம் குய்கோ, 12ஆம் நூற்றாண்டிலேயே இதை நான்கு படியுள்ள ஏணியாக எழுதி வைத்தார்: வாசிப்பு, தியானம், ஜெபம், அதன்பின் ஆண்டவருடைய சமுகத்தில் அமைதியாகத் தங்கியிருப்பது. வாசிப்பு உணவை வாயில் வைக்கிறது, தியானம் அதை மெல்லுகிறது என்பது அவருடைய விளக்கம். கத்தோலிக்கத் துறவியின் வழி நமக்கு எதற்கு என்று சிலர் தயங்கலாம். கர்த்தருடைய வேதத்தில் இரவும் பகலும் தியானமாயிருக்கிறவன் பாக்கியவான் என்று முதலாம் சங்கீதம் எல்லாருக்கும் சேர்த்துத்தானே சொல்கிறது.

நடைமுறையில் சில காரியங்கள். சத்தமாக வாசியுங்கள், கண் தாண்டிப்போகிற வார்த்தையைக் காது பிடித்துக்கொள்ளும். போனில் வாசிக்கிறவர்கள் அந்த நேரத்துக்கு இணையத்தை அணைத்துவிடுங்கள். கேள்விகள் வரும். மத்தேயு இரண்டு குருடர் என்கிறாரே, மாற்கு ஒருவரை மட்டும் சொல்கிறாரே என்று தோன்றும். நியாயமான கேள்வி. நோட்டில் குறித்து வைத்துக்கொண்டு, பிறகு போதகரிடம் கேளுங்கள். தியான நேரத்தை அது விழுங்கிவிட வேண்டாம்.

இன்னொன்றையும் அன்போடு சொல்ல வேண்டும். வாக்குத்தத்த அட்டையில் ஒரு வசனம் எடுத்து, அதோடு அந்த நாளை முடித்துக்கொள்கிற வழக்கம் நம் வீடுகளில் உண்டு. எடுங்கள், தவறில்லை. ஆனால் அந்த அதிகாரத்தையும் திறந்து பாருங்கள். நமக்கு மிகவும் பிரியமான எரேமியா 29:11, "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்கிற வசனம், பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதின கடிதத்தில் இருக்கிறது. அதற்கு முந்தின வசனம் எழுபது வருஷம் காத்திருக்கச் சொல்கிறது. அந்த எழுபது வருஷத்தையும் சேர்த்து வாசிக்கும்போதுதான், வேலை கிடைக்காமல் காத்திருக்கிற நம் பிள்ளைகளுக்கு அந்த வாக்கு உண்மையாகவே துணை நிற்கும்.

சில நாள் ஒன்றுமே தோன்றாது. வசனம் வெறும் எழுத்தாகவே கிடக்கும். அப்படிப்பட்ட நாளிலும் எழுந்து போய்விடாதீர்கள். "ஆண்டவரே, இன்றைக்கு எனக்கு ஒன்றும் விளங்கவில்லை" என்று அவரிடமே சொல்லுங்கள். அதுவும் அவரோடு பேசுவதுதான்.

மாற்கு 10ஐ முடித்தவர்கள் அதே எரிகோவிலேயே இன்னும் கொஞ்சம் தங்கலாம். லூக்கா 19இல் சகேயு காட்டத்தி மரத்தில் ஏறியிருக்கிறான், பத்து வசனம். அதன்பின் யோவான் 4, கிணற்றடியில் சமாரியப் பெண். இது நீளமான பகுதி, நான்கைந்து நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பர்திமேயுவுக்குப் பார்வை கொடுத்தபோது "நீ போகலாம்" என்றுதான் இயேசு சொன்னார். அவன் போகவில்லை, எருசலேம் வழியிலே அவருக்குப் பின்சென்றான். அவன் ஏன் போகவில்லை என்பதை இந்த வாரம் வீட்டில் குடும்ப ஜெபத்தில் பேசிப் பாருங்கள். பிள்ளைகளை முதலில் பேச விடுங்கள்.

நன்றி. வணக்கம்.