ஒரே வீடியோவில் பிள்ளையாரும் ஹன்போக்கும்

வணக்கம் நேயர்களே. 2020 ஜூன் கடைசியில் பிளாக்பிங்க் என்ற கொரியப் பெண்கள் பாட்டுக் குழுவின் ‘ஹவ் யூ லைக் தட்’ வீடியோ வந்தது. வீட்டில் பதின்வயதுப் பிள்ளைகள் இருந்தால் உங்கள் காதிலும் விழுந்திருக்கும். அதில் குழுவைச் சேர்ந்த லிசா ஒரு சிம்மாசனத்தில் உட்கார்ந்து பாடுகிறார், பக்கத்தில் தரையில் ஒரு பிள்ளையார் சிலை. சில நொடிதான். ஆனாலும் இந்திய ரசிகர்கள் விடவில்லை, சாமியைச் செட் சாமானாகக் கீழே வைப்பதா என்று இணையமே ரகளையாகிவிட்டது; சில நாளில் குழுவை நடத்தும் ஒய்ஜி நிறுவனம் சத்தமில்லாமல் சிலையை மட்டும் எடுத்துவிட்டது.

நம் ஊரில் பேச்சு அதோடு ஓய்ந்தது. கொரியாவில் அதே வீடியோவின் ஹன்போக் பற்றிப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. ஹன்போக் அவர்களுடைய பாரம்பரிய உடை. குழுவின் இன்னொரு பாடகி ஜென்னி போட்டிருந்த இளஞ்சிவப்பு மேலாடை, அந்தக் காலத்துப் படித்த ஆண்கள் உடுத்திய தோபோ என்ற நீள அங்கியைச் சுருக்கித் தைத்தது, வடிவமைத்தது தான்ஹா என்ற நிறுவனம், துணியிலுள்ள பறவை வடிவம்கூட அரண்மனையில் பொருள்களைச் சுற்றிவைத்த துணியிலிருந்து எடுத்தது. இவ்வளவு குட்டையாக இருந்தால் இது ஹன்போக்கா என்று அங்கேயும் சிலர் முகம் சுளித்தார்கள், அது வேறு.

சரி, அப்புறம் சீனாக்காரர்கள் வந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் ‘ஷைனிங் நிக்கி’ என்ற சீன மொபைல் கேமில் கொரிய வெளியீட்டுக்காக ஹன்போக்கைச் சேர்த்தார்கள். அது எங்கள் மிங் அரசர் காலத்து உடை என்று சீன ஆட்டக்காரர்கள் கொதிக்க, கேம் நிறுவனம் கொரியச் சேவையையே மூடிவிட்டுப் போய்விட்டது. 2024இல் ஐவ் என்ற இன்னொரு கொரியக் குழு ‘ஹேயா’ வீடியோவில் புலி, விசிறி, நோரிகே என்ற உடைத் தொங்கல் என்று கொரியச் சாமான்களாக அடுக்கியபோதும் இதே கூச்சல்தான்.

இந்தச் சண்டைக்கு முடிவே கிடையாது என்பது என் கட்சி. ஹன்போக் குடும்பத்தில் ‘சொல்லிக்’ என்றொரு உடை உண்டு, படைவீரர்கள் போட்டது, அது கொரியாவுக்கு மங்கோலியர் வழியாக வந்தது. அதற்காக மங்கோலியாவுக்கு வாடகையா கொடுக்க முடியும்? துணி ஊர் விட்டு ஊர் போகும், போகிற இடத்தில் ஆளுக்கேற்ப மாறும்.

பிள்ளையார் விவகாரத்தையும் இந்த ‘யாருக்குச் சொந்தம்’ சண்டையோடு சிலர் சேர்த்துக் கட்டுகிறார்களே, அதுதான் எனக்கு ஒப்பவில்லை. பிள்ளையாரை நீங்கள் தொடவே கூடாது என்று அந்த ரகளையில் பெரும்பாலும் யாரும் சொல்லவில்லை, கல்யாணப் பத்திரிகையிலிருந்து சாவிக்கொத்து வரை எல்லாவற்றிலும் அவரைப் போடுகிற நாம் அப்படிச் சொன்னால் எடுபடவும் செய்யாது. வைத்த இடம்தான் குறை. தன் ஊர்த் துணிக்கு அரண்மனை வரை போய் வடிவம் தேடிய அதே வீடியோவில், அடுத்தவர் சாமியை எங்கே வைக்கலாம் என்று ஒருவரிடம் கேட்கத் தோன்றவில்லையே!

தெரியாமல் நடந்தது என்று விட்டுவிடலாம்தான். ஆனால் 2014இலேயே இதே ஒய்ஜி, தன் பாடகி சிஎல் பாடிய ஒரு பாட்டில் குர்ஆன் ஓதுவது போன்ற ஒலி இருக்கிறது என்று முஸ்லிம் ரசிகர்கள் எதிர்த்ததும் அதை நீக்கியிருக்கிறது. ஆறு வருஷம் கழித்து மறுபடியும் இது. 2021இல் லிசாவின் தனிப்பாட்டுக்கு மட்டும் தாய்லாந்துத் தலையணி, தாய்லாந்து வடிவமைப்பாளர் தைத்த பொன்னிற உடை என்று பார்த்துப் பார்த்துச் செய்தார்கள், அந்நாட்டுப் பிரதமரே பாராட்டினார். லிசா தாய்லாந்துக்காரர், கேட்க ஆள் செட்டிலேயே இருந்தார்.