களிமண்ணும் "எந்த ஊர்?" எண்ட கேள்வியும்

வணக்கம் நேயர்களே. கொழும்பில பிறந்து வளந்த தமிழ் ஆக்களுக்கு ஒரு கேள்வி தப்பாம வரும், "சொந்த ஊர் எது?" வெள்ளவத்தை எண்டு சொன்னா விடமாட்டினம், "அது சரி, அப்பா அம்மா எந்த ஊர்?" யாழ்ப்பாணம் போனா அங்க நாங்கள் கொழும்பு ஆக்கள். களிமண்ணில கை வைச்ச பிறகுதான் இந்தக் கேள்வி என்னை உறுத்துறது குறைஞ்சது, அதைப் பற்றித்தான் இண்டைக்குக் கதைக்கப் போறன்.

நான் மண்பாண்டம் செய்யப் படிச்ச வகுப்பில ஒரு ஐயா இருந்தவர், வாழ்க்கை முழுக்க வங்கியில வேலை செய்து பென்ஷன் எடுத்தவர். எல்லாருக்கும் ஒரே மண், ஒரே நிறை, ஒரே மாதிரிக் கப் செய்யச் சொல்லுவினம். சூளையால எடுத்து மேசையில அடுக்கின உடன இவர் ஒவ்வொண்டாத் தூக்கி, கீழ போட்ட பேரைப் பாக்காமலே, "தங்கச்சி, இது உங்கட, விளிம்பைப் பயந்து பயந்து பிடிச்சிருக்கிறியள்" எண்டுவார். பிழைக்கவே பிழைக்காது! அவற்ற கப் எண்டா அடி தடிப்பா இருக்கும், தேத்தண்ணி ஊத்தினா ஒரு கையால தூக்கேலாது, டீச்சர் எவ்வளவு சொல்லியும் மாத்தேல்ல. ஏன் ஐயா மழைக்குள்ளயும் கிழமை தவறாம வாறியள் எண்டு கேட்டன். "பென்ஷன் எடுத்த பிறகு ஒருத்தரும் என்னட்டக் கையெழுத்துக் கேக்கிறேல்ல பிள்ளை" எண்டார், சொல்லிப்போட்டு அடுத்த உருண்டையைப் பிசையத் தொடங்கீட்டார்.

சக்கரத்தில இடது கை உள்ளுக்க, வலது கை வெளியில, ரெண்டுக்கும் நடுவில மண் மேல ஏறி வரும். விரல் எவ்வளவு அழுத்துது, எப்ப எடுக்குது எண்டது சுவரில வரிவரியா நிண்டுடும். என்ர கப்புகள் வாய்ப்பக்கம் கொஞ்சம் வெளிய விரியும். நான் நினைச்சுச் செய்யிறதில்லை, ஆனா எங்க கண்டாலும் என்ர எண்டு தெரியும். எந்த ஊர் எண்டு அந்தக் கப்பை ஒருத்தரும் கேக்கிறதில்லை பாருங்கோ.

கலை பற்றி நிறைய எழுதின அறிஞர் ஆனந்த குமாரசுவாமியும் இதே கொழும்பில 1877இல பிறந்தவர்தான். அப்பா தமிழர், அம்மா ஆங்கிலப் பெண், வளந்தது இங்கிலாந்தில. கனிமம் ஆராயத்தான் இஞ்ச வந்தவர், ஊர் ஊராத் திரியேக்க கல்லை விட கைவினைக்காரரிலதான் அவற்ற கவனம் திரும்பிச்சுது. 1908இல சிங்களக் கைவினைகளைப் பற்றிப் பெரிய புத்தகமே போட்டார். ரெண்டு பக்கமும் முழுசாச் சேராத மனுசன் தன்ர வேலையை மற்றவையின்ர கைகளிலதான் கண்டுபிடிச்சவர் எண்டு எனக்கு ஒரு எண்ணம்.

கொழும்புக்குப் பக்கத்தில இருக்கிற பொரலஸ்கமுவ வெள்ளை மண்ணைப் பற்றியும், கிளேஸ் எண்ட பளபளப்புப் பூச்சைப் பற்றியும் நிறையச் சொல்ல இருந்தனான், ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அங்கால தம்பி நேரம் முடியுது எண்டு கை காட்டுறார். சரி, கெதியாச் சொல்லுறன். வீட்டில செய்து பாக்க சக்கரம் தேவையில்லை. தோடம்பழம் அளவு மண்ணை உருட்டி, நடுவில பெருவிரலை விட்டு, சுத்திச் சுத்தி நுள்ளிக்கொண்டு வாங்கோ, சின்னக் கிண்ணம் வரும். மழைக்காலத்தில காய நாள் எடுக்கும், அவசரப்படாதேங்கோ, ஈரத்தோட சூளையில வைச்சா உள்ள இருக்கிற தண்ணி ஆவியாகி வெடிச்சிடும், பக்கத்தில இருக்கிறவையின்ர சாமானும் போயிடும். நன்றி, வணக்கம்.