விழுகிற கட்டையே வேண்டும்

நடுவர் அவர்களே, எதிரணி அண்ணன்மார்களே, பேரப்பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஆச்சிமார்களே, வணக்கம்.

ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு வாங்கித் தர வேண்டியது வெறும் மரக்கட்டையா, பூட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் கட்டையா என்பது தலைப்பு. நான் மரக்கட்டைக்காரன். எனக்கு முன்னால் பேசிய அண்ணன் மூன்று அம்பு விட்டுப் போனார். ஆறே கட்டையை 91 கோடி விதமாகச் சேர்க்கலாம், பூட்டிக்கொள்வதால் கட்டியது விழாது, அழுக்கானால் கழுவலாம்.

91 கோடி கணக்கு சரிதான், நான் மறுக்கவில்லை. எட்டுக் குமிழ் உள்ள லெகோ கட்டை ஆறு, எல்லாம் ஒரே நிறம் என்றால் 91,51,03,765 விதம். ஆனால் அந்தக் கணக்கைப் போட்டது கணக்கு வாத்தியார், இரண்டு வயதுப் பிள்ளை அல்ல. இறுகிய கட்டையைப் பிரிக்க அதற்கு விரலில் வலு ஏது? பல்லால் கடித்து இழுக்கும். லெகோ செய்யும் டென்மார்க் கம்பெனிக்கே இது தெரிந்த விஷயம். 1958-ல் பூட்டும் கட்டைக்குக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தவர்கள், 1969-ல் சின்னப் பிள்ளைகளுக்கென்றே நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரட்டிப்பாக்கி டூப்ளோவை இறக்கினார்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 1932-ல் அந்தத் தொழிலைத் தொடங்கிய ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் ஒரு தச்சர். விற்றது மரப்பொம்மை. 1960-ல் கிடங்கு தீப்பிடித்த பிறகுதான் மரத்தைக் கைவிட்டார்கள். எதிரணியின் குலதெய்வமே எங்கள் கட்சிக்காரர், நடுவர் அவர்களே!

அடுத்தது, 'விழாது'. விழ வேண்டும் என்பதுதான் ஐயா எங்கள் வாதமே.

மூன்று வயதுப் பிள்ளை பாலம் கட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். இரண்டு கட்டையை நிறுத்தும். மேலே ஒன்றைப் படுக்க வைக்கும். இடைவெளி கூடுதல், கட்டை நடுவில் விழும். மறுபடி அதே மாதிரி வைக்கும், மறுபடி விழும். பிறகு ஒரு காலை மெல்ல உள்ளே தள்ளும். கொஞ்சம் அதிகமாகத் தள்ளிவிடும். இப்போது மேல்கட்டை ஒரு பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த நீட்டலின் மேல் இன்னொன்றை வைத்தால் எல்லாம் குடைசாயும். மறுமுனையில் ஒன்றைப் பாரமாக வைத்துவிட்டு இங்கே வைத்தால் நிற்கும். இதைப் பிள்ளைக்கு யாரும் சொல்லித் தரவில்லை, கட்டை சொல்லித் தருகிறது. பூட்டும் கட்டையில் குமிழ் பிடித்துக்கொள்கிறது. பாரம் எங்கே இறங்குகிறது என்று பிள்ளை யோசிக்க வேண்டிய அவசியமே வருவதில்லை. நான்கு வயது வாக்கில் சுற்றிலும் அடைத்துக் கட்ட ஆரம்பிக்கும். நம் செட்டிநாட்டுப் பக்கத்துப் பிள்ளை என்றால் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று நம் வீட்டுப் பகுதிகளின் பெயரும் வைக்கும்.

சரி, எந்த மரக்கட்டை? இங்கேதான் எங்கள் அணிக்காரர்களே தவறு செய்கிறார்கள். கடையில் வண்ண வண்ணமாக, கோட்டை முகப்பு வரைந்து, எழுத்து ஒட்டிய கட்டைகளை வாங்குகிறார்கள். ஒன்றுக்கொன்று அளவு சேராது. நியூயார்க்கில் கரோலின் பிராட் என்ற ஆசிரியை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வகுத்த கணக்கு இருக்கிறது: கனம், அகலம், நீளம் மூன்றும் 1:2:4. நம் ஊர் ஆசாரியிடம் 3.5 × 7 × 14 செ.மீ. என்று சொன்னால் போதும். முழுக்கட்டை 40, அதில் பாதி நீளம் 20, இரட்டை நீளம் 10. ஒரு பிள்ளைக்கு இது தாராளம். மரம் முக்கால் கன அடிக்குச் சற்று மேல். அறுப்பிலும் இழைப்பிலும் போவதைச் சேர்த்து ஒன்றேகால் கன அடி வாங்குங்கள். வேம்பு நல்லது, மாமரமும் போதும்.

மரம் காய்ந்திருக்க வேண்டும். காயாத மரம் அகலத்திலும் கனத்திலும் சுருங்கும், நீளத்தில் அநேகமாகச் சுருங்காது. சித்திரை வெயில் முடிவதற்குள் 1:2:4 போய்விடும். அறுக்கும்போது இன்னொரு வம்பு. 56 செ.மீ. சட்டத்தில் மூன்று கோடு போட்டு நான்கு துண்டு எடுக்கலாம் என்று நினைப்பார்கள். ஒவ்வொரு அறுப்பிலும் ரம்பம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தின்றுவிடும், துண்டு 14 வராது. ஒன்றை அறுத்த பிறகே அடுத்ததை அளக்க வேண்டும். அதைவிட, ஒரு தடுப்புக் கட்டை அடித்துக்கொண்டு சட்டத்தை அதில் முட்டவைத்து அறுப்பது மேல். கனத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் பத்து அடுக்கில் ஒரு சென்டிமீட்டர். பிள்ளை சரியாகத்தான் அடுக்கியிருக்கும், கோபுரம் சாயும். கட்டை பொய் சொன்னால் பிள்ளை எதைக் கற்கும்?

விளிம்பை இரண்டு மில்லிமீட்டர் மழுக்கி, 120, பிறகு 220 எண் உப்புத்தாள் போட்டால் வேலை முடிந்தது. வார்னிஷ் வேண்டாம். வீட்டை இடித்த இடத்தில் பழைய பர்மா தேக்கு கிடைக்கிறதே என்று கேட்பீர்கள். இழைத்த வெறும் மரமானால் சரி, ஆணி இருக்கிறதா என்று பாருங்கள். பழைய பெயிண்ட் ஒட்டியிருந்தால் தொடவே வேண்டாம். பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு, மேல் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பிள்ளை வாயில் வைக்கும் பொருள் இது.

கழுவலாம் என்றார் அண்ணன். உண்மை, மரத்தை ஊறவைக்கக் கூடாது. உப்பிப் பிசிறு எழும்பும். ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள், அவ்வளவுதான். ஐப்பசி மழையில் பூசணம் பிடிக்காமலிருக்க மூடிய டப்பாவில் போடாமல் ஓலைப்பெட்டியில் வைக்கலாம். பாய், மெத்தை மேல் அடுக்க விடாதீர்கள், அசையும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையைவிட மட்டமான இடம் இதற்கு எங்கே கிடைக்கும்? மத்தியானத் தூக்கம் கெடும், அதற்கு நான் பொறுப்பில்லை.

முழுக்கட்டை ஒன்று கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அதனால் இரண்டு வயதுக்குள் இதைக் கொடுக்காமல் 4 செ.மீ. கனசதுரம் இருபது கொடுங்கள். எந்தப் பொருளானாலும் ஓர் அட்டையில் 4 செ.மீ. அகலத்துக்கு வட்ட ஓட்டை வெட்டிப் பாருங்கள். அதில் நுழைவது மூன்று வயதுக்கு முன் வீட்டுக்குள் வரக் கூடாது. காந்தம் வைத்த விளையாட்டுத் தகடுகள் உடைந்தால் அன்றே குப்பைக்கு. இரண்டு காந்தம் வயிற்றுக்குள் போனால் குடலை இடையில் வைத்து ஒன்றையொன்று இழுத்துத் துளைத்துவிடும். கடையில் வாங்குவதானால் ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள், 2021 ஜனவரியிலிருந்து பொம்மைக்கு அது கட்டாயம்.

ஐந்து வயதுக்கு மேல் பூட்டும் கட்டை வாங்குங்கள், எங்கள் அணிக்குச் சண்டையில்லை. அடுத்து வரும் அண்ணன் விலையைப் பற்றிப் பேசுவார் என்று அவர் கையில் இருக்கும் சீட்டைப் பார்த்தாலே தெரிகிறது. புத்தகத்தைப் பார்த்து ஒரே ஒரு கார் கட்டும் பெட்டியில் ஒரு துண்டு தொலைந்தால் என்ன செய்வார் என்பதையும் அவரே சொல்லட்டும். எங்கள் கட்டை தொலைந்தால் அதே ஆசாரி இன்னொன்று அறுத்துத் தருவார். மணி அடித்துவிட்டீர்கள், உட்காருகிறேன்.