வடக்கு வியட்நாம்: ஹனோய் தெருக்களிலிருந்து ஹா ஜியாங் மலைகள் வரை

(திரையில்: வியட்நாம் வரைபடம், வடக்கு முனையில் ஒரு வட்டம்)

வணக்கம். வியட்நாம் போக நினைப்பவர்கள் பலரும் போடும் திட்டம் ஒன்று உண்டு. ஒரே வாரத்தில் ஹனோய், ஹா லாங் விரிகுடா, டா நாங், சைகோன். அந்த நாடு வடக்கு தெற்காக 1,600 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கிறது. இப்படி ஓடினால் பார்த்த ஊரைவிட உட்கார்ந்திருந்த விமான நிலையங்கள்தான் நினைவில் நிற்கும். கையில் ஒரு வாரம்தான் என்றால் தெற்கை இந்த முறை விட்டுவிடுங்கள். ஹனோய்க்கு இரண்டு நாள், மீதியெல்லாம் மலைக்கு.

(காட்சி: ஹனோய் பழைய நகரம், காலை நேரம்)

ஹனோயின் பழைய பகுதியை ‘36 தெருக்கள்’ என்பார்கள். ஒரு தெருவுக்கு ஒரு தொழில் என்பது பழைய ஏற்பாடு. ஹாங் பாக் தெருவில் வெள்ளி நகை, ஹாங் மாவில் காகித அலங்காரப் பொருட்கள். ஹாங் தியெக்கில் இன்றும் தகரம் தட்டும் சத்தம் கேட்கிறது. சாலையைக் கடக்க ஒரே வழி: ஒரே வேகத்தில் மெதுவாக நடந்துகொண்டே இருப்பது. வண்டிகள் உங்களைச் சுற்றிப் போய்விடும். பயந்து நடுவில் நின்றாலோ, ஓடினாலோதான் ஆபத்து.

சைவம் சாப்பிடுபவர்கள் கவனிக்க: இங்கே பல குழம்புகளிலும் தொட்டுக்கொள்ளும் சாறுகளிலும் மீன் சாறு இருக்கும். பலகையில் ‘சாய்’ (Chay) என்று போட்ட கடைகள்தான் சைவக் கடைகள். முட்டை ஓகே என்றால் முட்டைக் காபியைத் தவறவிடாதீர்கள். 1946-இல் பால் தட்டுப்பாடு வந்தபோது, பாலுக்குப் பதிலாக மஞ்சள் கருவை நுரைக்க அடித்துச் சேர்த்ததில் பிறந்த காபி அது.

சரி, மலைக்குப் போவோம். எல்லோரும் சொல்லும் பெயர் சாபா. இரவு ரயிலில் லாவ் காய், அங்கிருந்து 38 கிலோமீட்டர் மலைப்பாதை. படிக்கட்டு வயல்கள் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பக்கத்தில் 3,140 மீட்டருக்கும் மேல் உயரமுள்ள ஃபான்சிபான் சிகரத்துக்கே 2016-இல் கேபிள் கார் வந்துவிட்டது. ஊர் முழுக்க ஓட்டல்கள். போனால் டா வான் மாதிரி கீழ்ப் பள்ளத்தாக்கு கிராமத்தில் தங்குங்கள். என் ஓட்டு ஹா ஜியாங்குக்குத்தான்.

(காட்சி: சுண்ணாம்புப் பாறை மலைகள், வளைந்து வளைந்து போகும் சாலை)

ஹா ஜியாங் ஊர் ஹனோயிலிருந்து பேருந்தில் சுமார் 300 கிலோமீட்டர். 2025 ஜூலையில் ஹா ஜியாங் மாகாணத்தை துயென் குவாங்கோடு இணைத்துவிட்டார்கள். வரைபடத்தில் பெயர் மாறியிருந்தால் குழம்ப வேண்டாம்.

இங்கே பலரும் பைக் வாடகைக்கு எடுத்துச் சுற்றுகிறார்கள். ஒரு சிக்கல். வியட்நாம் ஏற்பது 1968 வியன்னா உடன்படிக்கைப்படி கொடுத்த சர்வதேச ஓட்டுநர் உரிமத்தை. இந்தியாவில் நமக்குக் கிடைப்பது 1949 ஜெனீவா உடன்படிக்கையின்படி. அதனால் அது அங்கே செல்லாது. போலீஸ் பிடித்தால் அபராதம், விபத்து என்றால் காப்பீடும் கை விரித்துவிடலாம். வாடகைக் கடைக்காரர் “பிரச்சினை இல்லை” என்பார், அவருக்குப் பிரச்சினை இல்லைதான். உள்ளூர் ஓட்டுநரின் பின்னால் உட்கார்ந்து போங்கள். இதை ‘ஈஸி ரைடர்’ என்கிறார்கள். செலவு கூடும், ஆனால் பள்ளத்தாக்கைப் பார்க்க இரண்டு கண்ணும் உங்களுக்கு மிச்சம்.

இங்குள்ள டோங் வான் பீடபூமியை 2010-இல் யுனெஸ்கோ புவிப்பூங்காக்களின், அதாவது பாறையும் நிலமும் தனிச்சிறப்பான இடங்களின், பட்டியலில் சேர்த்தார்கள். எங்கு பார்த்தாலும் கூர்கூரான சுண்ணாம்புப் பாறை. இந்தப் பாறை மழைநீரில் கரைந்து ஓட்டை விழும். பெய்யும் மழை அந்த ஓட்டைகள் வழியே உள்ளே இறங்கிவிடும். அதனால் மழை நிறையப் பெய்யும் மலையிலேயே குடிதண்ணீருக்குத் தவிப்பு. இங்கே வாழும் மோங் மக்கள் கூடையில் மண் சுமந்து வந்து பாறை இடுக்குகளில் நிரப்பி, சுற்றிக் கல் அடுக்கி, அந்தக் கையகல மண்ணில் மக்காச்சோளம் விதைக்கிறார்கள். அறுத்ததை உடைத்து இரண்டு முறை ஆவியில் வேகவைத்தால் ‘மென் மென்’. நம் ஊர் ரவைப் புட்டு மாதிரி உதிரியாக இருக்கும்.

(காட்சி: மா பி லெங் கணவாய், கீழே பச்சை நிறத்தில் ஞோ குவே ஆறு)

ஹா ஜியாங் ஊரிலிருந்து நீங்கள் வந்த சாலைக்கு ‘மகிழ்ச்சிச் சாலை’ என்று பெயர். 1959-இல் தொடங்கி 1965-இல் முடித்தார்கள். சுமார் 185 கிலோமீட்டர், பெரும்பாலும் உளியும் சம்மட்டியும் கொண்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் வெட்டியது. மா பி லெங் கணவாயில் கால் வைக்க இடமில்லை. இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு பாறை முகத்தில் தொங்கியபடி 11 மாதம் வெட்டினார்கள். சிலர் உயிரோடு திரும்பவில்லை. அதுவரை இந்தக் கிராமங்களுக்கு உப்பும் எண்ணெயும் குதிரை முதுகிலும் மனித முதுகிலும்தான் வந்தன.

வழியில் நாம் படம் எடுப்பதற்காகப் பூக்கூடையோடு குழந்தைகள் நிற்பார்கள். காசு கொடுக்காதீர்கள். காசு வரும் வரை அந்தக் குழந்தைகள் பள்ளிக்குப் போவதைவிட ரோட்டில் நிற்பதுதான் வீட்டுக்கு லாபம்.

செப்டம்பர், அக்டோபரில் வயல் பொன்னிறம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மண்சரிவு பயம். டிசம்பர், ஜனவரியில் கம்பளிச் சட்டை கட்டாயம்.

அப்புறம், கிழமை பார்த்துக் கிளம்புங்கள். டோங் வான், மியோ வாக் இரண்டு ஊர்ச் சந்தையும் ஞாயிறு காலைதான் கூடும். வியாழன் ஹனோயிலிருந்து பேருந்து, வெள்ளி இரவு வழியிலுள்ள யென் மின் ஊரில், சனி இரவு டோங் வானில் தங்கல். ஞாயிறு விடிந்ததும் சந்தைக்குப் போய்விட்டு, வெயில் ஏறியபின் மா பி லெங் கணவாயைத் தாண்டலாம். திங்கள் மாலை ஹா ஜியாங் ஊருக்குத் திரும்பினால் அன்றிரவே ஹனோய் பேருந்து பிடிக்கலாம்.