சூரியனை வெட்டும் துணிவு

அவையோர் அனைவருக்கும் வணக்கம். நம் மாவட்டத்துப் புகைப்படக்காரர்கள் அனுப்பிய அந்திப் படங்களைச் சற்று முன்பு திரையில் பார்த்தோம். குமரிக்கரை, சொத்தவிளை, முட்டம், தேரூர்க் குளம், முப்பந்தல் காற்றாலைகள் என்று இடங்கள் மாறின. பெரும்பாலான படங்களில் மாறாமல் இருந்தது ஒன்று: நடுவில் ஒரு சின்ன வெள்ளைப் பொட்டு. அதுதான் சூரியன். நேரில் பார்த்தபோது கடலையே நிறைத்துக்கொண்டு நின்ற செம்பிழம்பு படத்தில் ஏன் இப்படிச் சுருங்கிப்போகிறது? வீட்டுக்குப் போனதும் கிராப் செய்து, அதாவது படத்தின் ஓரங்களை வெட்டி, அதைப் பெரிதாக்கத்தான் எல்லோருக்கும் கை போகிறது. அந்தக் கையைத்தான் இன்று கொஞ்சம் நிறுத்திவைக்கச் சொல்லப்போகிறேன்.

முதலில் கணக்கு. வானத்தில் சூரியனின் அகலம் ஏறத்தாழ அரை டிகிரி. உச்சியில் நின்றாலும் அடிவானத்தைத் தொட்டாலும் அதே அரை டிகிரிதான். கடலோரத்தில் பெரிதாகத் தெரிவது நம் மனம் காட்டும் காட்சி. லென்ஸின் குவியத் தூரத்தை, அதாவது அதன்மேல் மி.மீ. கணக்கில் எழுதியிருக்கும் எண்ணை, சுமார் 110ஆல் வகுத்தால் சென்சாரில் (கேமராவுக்குள் ஒளியை வாங்கும் தகட்டில்) விழும் சூரியனின் அளவு வந்துவிடும். 24 மி.மீ. லென்ஸில் அது 0.2 மி.மீ.க்குச் சற்று மேல். 36 மி.மீ. அகலமுள்ள முழு ஃபிரேம் சென்சாரில் அது 160இல் ஒரு பங்கு. நம் கைப்பேசிகளின் முதன்மை லென்ஸும் கிட்டத்தட்ட இதே கோணத்தைத்தான் பார்க்கிறது. 4000 பிக்சல் அகலமுள்ள கைப்பேசிப் படத்தில் சூரியனுக்குக் கிடைப்பது 25 பிக்சல். 200 மி.மீ. லென்ஸ் காட்டும் அளவுக்கு அதை வெட்டிக் கொண்டுவந்தால் மிஞ்சும் அகலம் 480 பிக்சல். நல்ல பிரின்ட் போட்டால் இரண்டு அங்குலம்கூடத் தேறாது.

பெரிய சூரியன் வேண்டுமென்றால் அதற்கு வழி காலில் இருக்கிறது. 20 மீட்டர் உயரமுள்ள ஒரு பனையை எடுத்துக்கொள்ளுங்கள். 50 மீட்டர் தள்ளி நின்றால் பனை சூரியனைப்போல் நாற்பது மடங்கு உயரமாகத் தெரியும். இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல் பின்வாங்கினால் பனையும் சூரியனும் ஒரே உயரம். அங்கிருந்து 400 மி.மீ. லென்ஸில் எடுத்தால் பனைக்குப் பின்னால் சூரியன் முழுசாக உட்காரும். பொருள்களுக்கு இடையே உள்ள அளவு விகிதத்தைத் தீர்மானிப்பது நாம் நிற்கும் தூரம் மட்டுமே. லென்ஸும் கிராப்பும் அதைத் தொடுவதில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: தூரத்தைப் பெரிதாக்கிக் காட்டும் டெலி லென்ஸை மாட்டிக்கொண்டு, கேமராவில் கண் வைத்துப் பார்க்கும் கண்ணாடி வ்யூஃபைண்டர் வழியாகச் சூரியனை நேரே பார்க்காதீர்கள். கண் போய்விடும்.

சரி, சூரியனைப் பெரிதாக்க கிராப் உதவாது என்றால் எதற்குத்தான் உதவும்? என் பதில் சிலருக்கு அதிர்ச்சியாக இருக்கலாம். அந்திப் படத்தில் கிராப் செய்யக்கூடிய மிக நல்ல காரியம், பல நேரங்களில், சூரியனையே வெளியே தள்ளுவதுதான்.

1941ஆம் ஆண்டு ஒரு மாலை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரை ஒட்டிய சாலையில் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் வண்டியை நிறுத்தினார். சூரியன் அவர் முதுகுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. எதிரே கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகளில் கடைசி வெயில். அதற்கு மேலே மலைத்தொடர். அதற்கும் மேலே நிலா. ஒளிமானி கைக்கு அகப்படவில்லை. நிலாவின் ஒளி அளவு அவருக்கு மனப்பாடமாகத் தெரியும் என்பதால் அதை வைத்தே எக்ஸ்போஷரை, அதாவது உள்ளே விட வேண்டிய ஒளியின் அளவை, கணக்கிட்டு ஒரு படம் எடுத்தார். இரண்டாவது படத்துக்குத் தயாராவதற்குள் சிலுவைகளிலிருந்து வெயில் போய்விட்டது. உலகம் கொண்டாடும் அந்தப் படம் அஸ்தமன வேளையின் படம்; அதில் சூரியன் எங்குமே இல்லை.

நம் குமரிமுனையில் இதற்கு எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். மாலையில் கூட்டம் மொத்தமும் மேற்கே பார்த்துக் கைப்பேசியை உயர்த்தி நிற்கும். அதே நிமிடத்தில் கிழக்கே கடலுக்குள் நிற்கும் 133 அடி வள்ளுவர் சிலைமேல் அந்த வெயில் அத்தனையும் விழுந்துகொண்டிருக்கும். சித்ரா பௌர்ணமியன்று மேற்கே சூரியன் இறங்க, கிழக்கே நிலா எழும் என்று ஊரே திரள்கிறது. படக்காரர்கள் அதற்கு முதல் நாளே போய்விட வேண்டும் என்பது என் கருத்து. அன்று நிலா முக்கால் மணி நேரம் போல முன்பே எழுந்துவிடும். சிலையில் இன்னும் வெயில் இருக்கும்போதே நிலாவும் நல்ல உயரத்துக்கு வந்திருக்கும்.

மேற்கே பார்த்து எடுத்த படத்துக்கும் இதே சோதனை உண்டு. திரையில் படத்தை வைத்து, சூரியனைக் கட்டைவிரலால் மறைத்துப் பாருங்கள். ஈர மணலில் ஓடும் செம்மை, கரையில் நின்று கரமடி வலை இழுப்பவர்களின் வரிசை, அடியிலிருந்து ஒளி வாங்கிய மேகம், இவற்றில் ஏதாவது ஒன்று தனியாக நின்று பேசுகிறதா? பேசினால் விரல் மறைத்த பகுதியை வெட்டிவிடுங்கள். எதுவுமே பேசவில்லை என்றால் அங்கே படம் இல்லை. வெளிச்சம் மட்டும்தான் இருந்தது. அச்சுப் படக் காலத்தில் எல் வடிவத்தில் வெட்டிய இரண்டு கறுப்பு அட்டைகளைப் படத்தின்மேல் நகர்த்தி நகர்த்தித்தான் விளிம்பைத் தேடுவார்கள். இன்றைக்கும் அந்த முறையை நான் பரிந்துரைக்கிறேன். கணினியில் சட்டென்று வெட்டிவிடுகிறோம். அட்டையைக் கையால் நகர்த்தும்போது கண் ஒவ்வோர் அங்குலத்திலும் நின்று யோசிக்கிறது.

அடுத்து அடிவானக் கோடு. மூன்றில் ஒரு பங்கு விதி உங்கள் எல்லோருக்கும் தெரியும்: கோட்டை நடுவில் வைக்காமல் மேலிருந்தோ கீழிருந்தோ மூன்றில் ஒரு பங்கில் வைப்பது. 1797இல் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேயர், கேமரா பிறப்பதற்கு முன்பே, ஓவியத்துக்காக அதற்குப் பெயர் வைத்தார். வானத்துக்கு மூன்றில் இரண்டு அல்லது மூன்றில் ஒன்று என்றார். விதியைப் பின்பற்றுங்கள், தவறில்லை. ஆனால் கோடு எங்கே என்று கேட்பதற்கு முன்னால் இது வானத்தின் படமா, நிலத்தின் படமா என்று கேளுங்கள். மேகமே இல்லாத வெறும் வானத்துக்கு மூன்றில் ஒரு பங்குகூட அதிகம். அதை ஒரு கீற்றாக்கிவிடலாம். காற்றடங்கிய தேரூர்க் குளத்தில் வானம் அப்படியே தலைகீழாகக் கிடக்கும்போது கோட்டைத் தயங்காமல் நடுவில் வையுங்கள். கடல் சாய்ந்திருப்பதை மட்டும் எந்தப் படத்திலும் மன்னிக்க முடியாது. 6000 பிக்சல் அகலப் படத்தில் ஒரு டிகிரி சாய்வு என்றால் இரு ஓரங்களுக்கும் இடையே நூறு பிக்சலுக்கு மேல் ஏற்றத்தாழ்வு. அதை நிமிர்த்தினால் நான்கு மூலைகளும் கொஞ்சம் போகும். அதனால் எடுக்கும்போதே ஓரங்களில் இடம் விட்டு எடுங்கள்.

கிராப்பால் ஒருநாளும் சரிசெய்ய முடியாதது ஒன்று உண்டு. வள்ளத்தில் நிற்பவரின் தலை அடிவானக் கோட்டில் முட்டிக்கொண்டு நிற்பது. இரண்டு கட்டுமரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்து ஒரே கறுப்புக் கட்டியாகிவிடுவது. நிழலுருவாக எடுக்கும்போது உருவங்களுக்கு இடையே இடைவெளி இருந்தால்தான் அவை உருவங்கள். அதற்கு எடுக்கும் நேரத்தில் ஓர் அடி இடப்பக்கம் நகர வேண்டும், அல்லது முழங்காலிட்டுக் கேமராவைத் தாழ்த்த வேண்டும். அவகாசமும் குறைவு. நம் அட்சரேகையில் சூரிய வட்டம் கடலைத் தொட்டதிலிருந்து முழுதாக மறைய இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே ஆகும். எனவே அரை மணி முன்பே போய், படத்தின் முன்புறத்தில் எது வர வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். மறைந்ததும் கிளம்பிவிடாதீர்கள். மேகத்தில் நிறம் ஏறுவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான்; இருபது நிமிடம் வரை வெளிச்சம் கிடைக்கும்.

படத்தை வெட்டவே கூடாது என்று ஒரு மரபு இருக்கிறது. பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெசோன் அதில் உறுதியாக நின்றவர். ஆனால் அவருடைய புகழ்பெற்ற 1932ஆம் ஆண்டுப் படமே, பாரிஸில் சேன்-லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் தேங்கிய தண்ணீரை ஒருவர் தாண்டும் படம், வேலி இடுக்கு வழியாக எடுத்து ஓரம் வெட்டப்பட்டதுதான். அதனால் வெட்டுவதில் குற்றவுணர்வு வேண்டாம். செலவைத் தெரிந்துகொண்டு வெட்டுங்கள். 24 மெகாபிக்சல் (ஒரு மெகாபிக்சல் பத்து லட்சம் பிக்சல்) படத்தை 16:9 ஆக்கினால் 20 மிஞ்சும், சதுரமாக்கினால் 16, நீளத்திலும் அகலத்திலும் பாதியாக்கினால் வெறும் 6. 12×18 அங்குலத்தில் அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட 19 வேண்டும். நம் கண்காட்சிக்கு வரும் படங்கள் அந்த அளவுதான்.

அடுத்த மாதக் கூடுகைக்குத் தலைக்கு ஓர் அந்திப் படம் கொண்டு வாருங்கள். வெட்டிய படத்தோடு வெட்டாத மூலப் படமும் கட்டாயம் இருக்க வேண்டும். இரண்டையும் திரையில் அருகருகே போட்டு, எதை ஏன் வெட்டினார் என்று படம் எடுத்தவரே எழுந்து சொல்லட்டும். இப்போது கேள்விகள் இருந்தால் கேட்கலாம்.